பாப்பாவின் தொண்டையில் ஒரு விசில்

கீ...ங். கீ...ங்.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சத்தத்தைக் குக்கர் என்றுதான் முதலில் நினைத்தேன். குக்கர் எங்கேயாவது மூச்சு வாங்குமா? அது ஸ்டெல்லாவின் நாலு மாதப் பெண் குழந்தை. மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் மெல்லிய விசில்.

ஸ்டெல்லா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பசை தடவுகிறவள். பிரசவ லீவு முடிந்து போன மாதம்தான் வேலைக்குத் திரும்பினாள். புருஷனுக்கு ஷிஃப்ட் மாற்றிக் கிடைக்கவில்லை. அதனால் வேலூர் டாக்டரிடம் போக நான் துணை.

பஸ்ஸில் குழந்தை என் மடியில். "நீ கொஞ்ச நேரம் வெச்சுக்கயேன்" என்றேன்.

"வேணாக்கா. என் கையில பசை நாத்தம். அதான் பாப்பா தொண்டைக்குப் போய்டுச்சு. பால் குடுக்கறப்ப தவிர நா தொடறதில்ல."

எலுமிச்சை தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. பிழைப்பையே குற்றமாகச் சுமக்கிறவள். குழந்தையை என் மடியிலேயே வாகாகப் படுக்கவைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா நிதானமானவர். குழந்தையின் சட்டையைக் கழற்றி, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குழிகிறதா என்று பார்த்தார். எடை போட்டார். குப்புறப் படுக்கவைத்தார் — விசில் குறைந்தது. மல்லாத்தினார் — ஜாஸ்தியானது. பிறகு மூக்கு வழியே நூல் மாதிரி ஒரு கேமரா. குழந்தை அலறியது. ஸ்டெல்லா சுவர் பக்கம் திரும்பி நின்றாள்.

"குரல்வளைக்கு மேல இருக்கற சதை தொளதொளன்னு இருக்கு. மூச்சு இழுத்தா உள்ள மடங்குது, அதான் சத்தம். எடை நல்லா ஏறுது. பெரும்பாலும் ரெண்டு வயசுக்குள்ள தானா சரியாய்டும். நீலமாச்சுன்னா, பால் குடிக்கலன்னா, மூச்சுக்குத் திணறுனா உடனே தூக்கினு வா."

"பசையால இல்லீங்களா மேடம்?"

"சத்தம் எப்ப ஆரம்பிச்சுது?"

"பொறந்து... பதினஞ்சு நாள்ல."

"வேலைக்கு எப்ப போன?"

"போன மாசம்."

"அப்ப இன்னா, பசை உனக்கு முன்னாடியே பஸ் புடிச்சு வந்துச்சா? கைய சோப்புப் போட்டுக் கழுவு, டிரஸ்ஸ மாத்து. அப்புறம் தாராளமா தூக்கு."

கவனித்திருக்கிறீர்களா — பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிற அம்மாக்கள் காலண்டர் பார்ப்பதே இல்லை.

திரும்பி வந்தபோது குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் அவளே வைத்திருந்தாள். வீட்டு வாசலில் ஒற்றைக் கையால் பூட்டோடு மல்லுக்கட்டினாள். நான் கை நீட்டினேன்.

"பாப்பாவ இப்டிக் குடு. நீ தொற."

"இருக்கட்டும்க்கா. நீங்க போங்க... நா பாத்துக்கறேன்."