தேருக்குக் கழற்றிய வயர்

எங்கள் ஊரில் ஆடித் தேர் ஓடுவதற்கு முன், தேர்வீதியில் குறுக்கே போகும் வயர்களையெல்லாம் கழற்றிவிடுவார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு மாட்டுவார்கள். அதனால் அந்தச் சமயத்தில் வீட்டில் எது ஓடாவிட்டாலும் பழி தேர் தலையில்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அண்ணனின் டைப்பிங் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர், உள்ளறையில் எனக்கு ஒன்று. இரண்டையும் இணைத்து ஒரே போன் லைனில் இன்டர்நெட் பார்ப்போம். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில், வெளிநாட்டு மெயில்களைக் கவனிக்கும் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். நேர்காணல் தேதியை மெயிலில்தான் சொல்வோம் என்றார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும், எப்படியாவது வேண்டும்.

தேர் முடிந்த மறுநாள் மோடம் கத்தியது, லைன் சேர்ந்தது. ஆனால் இரண்டு கம்ப்யூட்டரிலும் எந்த வெப்சைட் பெயரை அடித்தாலும் பக்கம் திறக்கவில்லை.

"ரெண்டுலயும் வரலன்னா லைன்தாம்ட்டி. தேருக்குக் கழட்டுன வயர அரைகுறையா முறுக்கி விட்டிருப்பான். லைன்மேன் வரட்டும், செத்த பொறு" என்றான் அண்ணன்.

போனில் பேச்சு கணீரென்று கேட்கிறதே என்றேன்.

"பேச்சுக்கு அது போதும். நெட்டுக்கு எம்புட்டு வேணும் தெரியுமா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனாலும் தெருவே லைன்மேனுக்குக் காத்திருந்தது, நானும் காத்திருந்தேன்.

நாலைந்து நாள் கழித்து வந்தவர், "லைன் சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்டர்நெட் கம்பெனி தந்த தாளில் அவர்கள் பக்கத்தின் எண் முகவரியும் இருந்தது. பெயருக்குப் பதில் அந்த எண்ணை அடித்தேன். திறந்துவிட்டது! ஆக, லைனில் கோளாறில்லை. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் சர்வர்தான் பதில் தரவில்லை. அந்த இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன். "அந்த சர்வர மாத்திட்டோமேம்மா" என்று புது எண்ணைச் சொன்னார்கள். செட்டிங்கில் அதை மாற்ற, காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

மெயில் வந்து விழுந்தது. நேர்காணல் இரண்டு நாள் முன்பே முடிந்திருந்தது.

டவுன் பஸ் பிடித்து இராஜபாளையம் ஓடினேன். மேனேஜர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். தேர், வயர், சர்வர் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மெயில் பாக்கத்தானம்மா ஆள் கேட்டோம். அதையே நீங்க பாக்கலையே."

அடுத்த அறையில், எனக்கென்று நான் நினைத்திருந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். இன்றும் தேருக்கு வயர் கழற்றும்போது அந்த மோர் தொண்டையிலேயே நிற்கிறது.