உப்புப் போடாத கஞ்சி

இந்த ஊரில் உப்பு அழுவதில்லை. உப்பளத்துக் காற்றிலேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. நம் வீட்டு அடுக்களையில் உப்புச் சட்டிக்கு அடியில் எப்போதும் ஒரு சின்னக் குளம் நிற்கும். அள்ளினால் கை ஈரமாகும். ஐப்பசி, கார்த்திகையில் பாதி உப்பு தண்ணீராகவே ஓடிவிடும். இங்கே, திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இருக்கிற இந்த மேட்டுக்காட்டில், சட்டியில் போட்ட உப்பு போட்டபடி கலகலவென்று கிடக்கிறது. வந்த புதிதில் என் மனைவி முத்துக்கனி அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது உப்புதானா, வேற எதுவுமா? கசியவே மாட்டேங்கு. நல்லாப் பாத்துத்தான் வாங்குனீயளா?" என்று கேட்டாள். பாத்தியில் உப்பு மிதித்து வளர்ந்தவன் உப்பு வாங்கி ஏமாந்துவிட்டான் என்ற பெயர் எனக்கு முதல் வாரத்திலேயே வீட்டுக்குள் கிடைத்துவிட்டது. வெளியே கிடைத்த பெயர்கள் அதற்குப் பிறகுதான்.

நான் ஊரை விட்டதே மழையால் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்தடுத்து இரண்டு வருஷம் பருவம் தப்பிப் பெய்து, குவித்து வைத்த உப்பெல்லாம் கடலுக்கே திரும்பிப் போனது. நம்மைப் பொறுத்தவரை வெயில்தான் சோறு. மேகத்தைக் கண்டால் வயிறு எரியும். அந்த வயிற்றையும் தூக்கிக்கொண்டுதான் வடக்கே வந்து, இந்த ஊர் அரிசி மில்லில் நெல் அவிக்கும் வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த சில நாளில் சங்ககிரிப் பக்கமிருந்து கறுகறுவென்று ஒரு மேகம் ஏறி வந்தது. களத்தில் நின்றிருந்த நான் பழக்கதோஷத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, போச்சே! மழை வருதே!" என்று கத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தால் களத்தில் இருந்த அத்தனை பேரும் மேகத்தைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார்கள். பாய்லர்காரர் என்னிடம் வந்து, "ஏனய்யா, வர்ற மாரியாத்தாளப் பார்த்து ஒப்பாரி வெக்கறியே, நீ மனுசந்தானா?" என்றார். அன்றைக்கு அந்த மேகம் ஒரு சொட்டும் விழாமல் போய்விட்டது. அடுத்த மேகம் தெரிந்தபோது இரண்டு பேர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் உமிக் கிடங்கில் உட்கார வைத்து, மழை விழுந்த பிறகுதான் வெளியே விட்டார்கள். அன்று முதல் நான் 'உப்புக்காரன்'.

மில் முதலாளி சென்னியப்பர் கெட்டவர் இல்லை. ஏழைகளைப் பற்றி நிறைய யோசித்தவர். யோசிக்க நேரம் உள்ளவர். சனங்கள் ஏழையாவது காப்பியால்தான் என்பது அவருடைய தீர்மானம். "இந்தக் காப்பித்தண்ணி வந்துதான் நாடே குட்டிச்சுவராப் போச்சு" என்று அவர் சொல்லும்போது கையில் டம்ளரிலிருந்து ஆவி பறக்கும்; அதை ஊதிக்கொண்டே சொல்வார். எனக்குச் சம்பளம் பாதி காசு, பாதி நொய். அரிசி உடைந்தால் விலை போகாது, நம் வயிற்றுக்கு அது உடைந்ததா முழுசா என்று பார்க்கத் தெரியாது என்பது ஏற்பாடு. நொய்யில் முத்துக்கனி செய்யாத பண்டம் பாயசம் ஒன்றுதான். ஒரு பொங்கலுக்கு அதையும் செய்தாள். கஞ்சி என்று நினைத்து நான் உப்பைப் போட்டுவிட்டேன். வாரத்துக்கு ஒருநாள் அவள் நாலே நாலு கடுகைத் தாளிப்பாள். வாசனையாவது வீட்டில் இருக்கட்டும் என்பாள். ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, மிகுந்த அக்கறையோடு, "ஏனப்பா உப்புக்காரா, உன்ற ஊட்டுல தாளிக்கறாங்களாமா? இந்தச் சம்பளத்துக்கு அந்த வாசம் கட்டுபடியாகுதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு காற்று மில் பக்கம் அடிக்காத நாளாகப் பார்த்துத் தாளித்தோம்.

யுத்தம் வந்தது. நூல் வருவது நின்றது. மில்லுக்கு அடுத்தாற்போல் இருக்கும் நெசவுத் தெருவில், விடிந்தால் பொழுது சாயும்வரை கேட்கும் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் அந்தத் தெரு சாவு வீட்டைப் போல் ஆனது. அப்போதுதான் முதலாளி கஞ்சித் தொட்டி திறந்தார். இரக்கம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். பெயருக்கு முன்னால் சர்க்கார் பட்டம் ஒன்று ஒட்டிக்கொள்ளும் என்ற நினைப்பும் கொஞ்சம் உண்டு. நெல் அவிக்கிறவன் நொய் அவிக்க மாட்டானா என்று என்னையே அதற்கும் போட்டார். ஒரே ஒரு சட்டம்: கஞ்சியை அங்கேயே வரிசையாகக் குந்திக் குடிக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. எதிரே ஒரு நாற்காலி போட்டு முதலாளி உட்கார்ந்திருப்பார். ஏழை குடிப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் புண்ணியம் ஒட்டும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

நெசவுக்காரர்கள் வந்தார்கள். வெளுத்த வேட்டி, வெளுத்த சேலை. முதலாளியின் முகம் கோணியது. "வெள்ளையுஞ் சொள்ளையுமா வர்றாங்க. இவிங்களா ஏழைங்க?" என்றார் என்னிடம், தெருவுக்கே கேட்கும்படி. வரிசையில் முதலில் நின்ற நல்லம்மாள் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னாள். "எங்ககிட்ட மிச்சமிருக்கறது இந்தத் துணி ஒண்ணுதானுங்க. அதையுங் கிழிச்சுட்டு வரோணுமுங்களா?" நல்லம்மாள் புருஷனை இழந்தவள், அவளும் மாமனாரும் ஒரு தறியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். அவள் அன்றைக்குக் கஞ்சி குடித்ததைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற மாதிரி குடித்தாள். அவள் எதிரே நாற்காலி இருந்தது.

ஐப்பசி பிறந்த சமயம் சேலத்து ஜவுளி வியாபாரி ஒருவர் தெருவுக்குக் கொஞ்சம் நூல் கொடுத்தார். தறிக்கு ஒரு பாவு வரும். தீபாவளிச் சந்தைக்கு முன்னால் துணியாகித் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் நூலை எடுத்து எடப்பாடித் தறிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார், பிறகு இந்தத் தெருப்பக்கமே வரமாட்டார். நெசவு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். அதற்குக் கஞ்சி போட்டு, வெயிலில் விறைக்க வைத்தால்தான் அறுந்துபோகாமல் நெய்ய முடியும். நூல் வந்துவிட்டது, கஞ்சி காய்ச்சத் தெருவில் ஒரு வீட்டிலும் அரிசி இல்லை. நல்லம்மாள் தொட்டிக்கு வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, நாளையிலிருந்து உப்புப் போடாமக் காச்சுவீங்களா? எங்க பங்கைச் சட்டியில வாங்கிட்டுப் போயிருவோம்" என்றாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பரம்பரையே அந்த ஈரத்தில் கரைந்ததுதான். இந்த வறண்ட ஊரில்கூட ஐப்பசி மூடாக்கில் உப்புப் பட்ட நூல் கசகசத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் சட்டத்தை மீறினால் என் வேலை போகும், வேலை போனால் நொய் போகும். வீட்டுக்குப் போய் முத்துக்கனியிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "நம்ம ஊர்ல மழை பெஞ்சு உப்பு கரைஞ்சப்ப யாராச்சும் ஒரு கீத்து ஓலை குடுத்திருந்தா மூடியிருப்போம்லா? நீங்க ஓலையக் குடுங்க" என்றாள். நல்ல வேளையாக முதலாளி தொட்டியைக் காட்டப் பெரிய மனிதர்களை அழைக்கச் சேலத்துக்கும் ஊருக்கும் அலைந்துகொண்டிருந்தார். நான் உப்பில்லாமல் காய்ச்சினேன். அங்கேயே குடிப்பவர்கள் கையில் ஆளுக்கு ஒரு உப்புக் கல் கொடுத்தேன், கோயிலில் கற்கண்டு கொடுப்பதைப் போல. நெசவுத் தெருக்காரர்கள் சட்டியில் வாங்கிப்போய்த் துணியில் வடிகட்டினார்கள். தெளிந்த கஞ்சி நூலுக்கு, வண்டலாக நின்ற நொய் பிள்ளைகள் வயிற்றுக்கு.

முதலாளி அழைத்து வந்தது தாசில்தாரை. காலை வெயிலில் கார் வந்து நின்றது. நாற்காலி இரண்டு போட்டிருந்தது. எதிரே வரிசை இல்லை. ஒரு நாயும் நானும்தான் இருந்தோம்.

"எங்கடா, என்ற ஏழைங்க?" என்றார் முதலாளி என் காதோரம்.

"இங்க குடிக்கிறவங்க குடிச்சிட்டுப் போயிட்டாங்க. நெசவுத் தெருக்காரங்க அதிகாலையிலயே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க, முதலாளி."

"வாங்கிட்டுப் போறதா?" பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் சிரிக்க வைத்து, அண்டாவின் அடியில் கிடந்ததை அவரே ஒரு டம்ளரில் மோந்து தாசில்தாரிடம் நீட்டினார். "ருசி பாருங்க. நம்ம ஊட்டுல காச்சற மாதிரியே காச்சறது." தாசில்தார் ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "உங்க வீட்டில் உப்பே சேர்ப்பதில்லையா?"

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. விஷயத்தை நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதும் முதலாளிக்கு வந்தது கோபம் மட்டும் இல்லை. அடிபட்ட குழந்தையின் முகம் வந்தது. "என்ற உப்பத் திங்கக் கூடாதுன்னே உப்பில்லாமக் கேட்டாங்களா? நாளைக்கு நன்றி சொல்ல வேண்டாம்னு! நீயும் அவிங்களோட சேர்ந்துட்டு... இன்னிக்கே கணக்கை முடிச்சுட்டு உன்ற கடலுக்கே போய்ச் சேரு" என்றார். தாசில்தார் மட்டும், "அந்தத் தெரு எங்கே இருக்கிறது?" என்று கேட்டு நடக்கத் தொடங்கிவிட்டார். பின்னால் முதலாளி, அதற்குப் பின்னால் வேலை போன நான், எனக்குப் பின்னால் நாய்.

தெருவின் முடிவில் பாவடி. பாவு நீட்டிக் கஞ்சி போடுவதற்கென்றே விட்டுவைத்த நீளத் திடல். மாதக்கணக்கில் வெறும் புழுதியாகக் கிடந்த அந்த இடத்தில் அன்றைக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாவுகள் வெள்ளை வெளேரென்று விறைத்து நின்றன. ஆணும் பெண்ணும் இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் கஞ்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எங்களைப் பார்த்து நிற்கவில்லை. கஞ்சி காய்வதற்குள் தேய்க்க வேண்டும். முதலாளி தாங்க முடியாமல் கத்தினார். "வயித்துக்கு ஊத்துனத எல்லாம் நூலுக்கு ஊத்துறீங்களே, இது அடுக்குமா?"

நல்லம்மாள் கையை நிறுத்தாமலே சொன்னாள். "வயித்துக்கு ஊத்துனா நாளைக்கும் உங்க வாசலுக்கு வரோணுமுங்க. நூலுக்கு ஊத்துனா வர வேண்டாமுங்க."

தாசில்தார் ஒரு பாவைச் சுண்டிப் பார்த்தார். அது வீணைத் தந்தி மாதிரி பேசியது. பிறகு முதலாளியிடம் திரும்பி, "ஊர் ஊராகக் கஞ்சித் தொட்டி பார்க்கிறேன். வரிசை நீளுகிற தொட்டியைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். ஆள் வராமல் மூடப்போகிற தொட்டியை நீங்கள்தான் காட்டுகிறீர்கள். உப்புப் போட வேண்டாம் என்பது யாருடைய யோசனை?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளியின் மார்பு விரிந்தது. "நாந்தானுங்க சொன்னேன்" என்றார். சொன்னதோடு என் தோளில் கையையும் போட்டார். போன வேலை அந்தக் கையோடு திரும்பி வந்தது. பொழுது சாய்வதற்குள் அந்த யோசனை தனக்கு எந்தக் காப்பியைக் குடிக்கும்போது தோன்றியது என்பதுவரை அவர் ஊருக்குச் சொல்லிவிட்டார்.

தீபாவளிச் சந்தைக்கு முன்னால் கடைசித் துணியும் மடிந்து வண்டி ஏறியது. வியாபாரி அடுத்த பாவுக்கு நூலோடு வந்தார். தறிச் சத்தம் திரும்ப வந்ததைக் கேட்டு முத்துக்கனி அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றே பார்க்காமல் தாளித்தாள். இரண்டு நாள் கழித்துத் தெருக்காரர்கள் தொட்டி அண்டாவை இரவல் வாங்கிப்போய், பாவடியில் அடுப்பு மூட்டி, முழு அரிசியில் கஞ்சி காய்ச்சினார்கள். முதலாளியை அழைத்தார்கள். அவரும் வந்து, நாற்காலி இல்லாததால் எங்களோடு வரிசையில் குந்தினார். நல்லம்மாள் ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் போகவில்லை, எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"குடிங்க, எசமானுங்க. நான் பாக்கறேன்."

தெரு முழுக்கக் கொல்லென்று சிரித்தது. முதலாளி ஒரு வாய் குடித்தார்.

"உப்புப் போதுமுங்களா?"

"கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்றார் முதலாளி. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கட்டும், இருக்கட்டும். இன்னொரு கரண்டி ஊத்து சாமி" என்றார்.

அந்தப் பாவில் நெய்த ஒரு வேட்டியை நல்லம்மாளும் அவள் மாமனாரும் எனக்குக் கொடுத்தார்கள். போன மாசம் தங்கை மகள் கல்யாணத்துக்கு நம் ஊருக்கு வந்தபோது அதைத்தான் கட்டியிருந்தேன். 'சேலத்துக்காரர் வந்துட்டார்' என்று நீங்கள் என்னைக் கேலி செய்தீர்கள். அங்கே நான் உப்புக்காரன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சாயங்காலம் தனியாக உப்பளத்து வரப்பில் போய் நின்றேன். கடல் காற்றில் மேல்சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. இடுப்பில் வேட்டி மட்டும் பாவடி வெயிலை விடாமல் மொடமொடவென்று நின்றது. அப்போது கிழக்கே கடலுக்கு மேல் கறுப்பாக ஒரு மேகம் எழுந்தது. "ஐயோ, போச்சே" என்றது என் வாய். கை இரண்டும் அதற்குள் கூப்பிக்கொண்டு நின்றன.