பனையிலிருந்து விழுந்தவர்

தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். அந்த வாரம் எங்கள் தெரு ஆள் ஒருவரைக் கீழத்தெருக்காரர்கள் வெட்டியிருந்தார்கள். ஊர் முகப்பில் போலீஸ் வேன் நின்றது. அதற்காகப் பொங்கலை விட முடியுமா? விடியும் நேரத்தில் என் மனைவி முற்றத்தில் பானை வைக்க, நான் உலக்கையோடு கொல்லைச் சுவர்க் கதவருகே காவல் நின்றேன்.

கொல்லைச் சுவருக்கு மேலே ஒரு கை வந்தது. கையில் அருவாள். யாரென்று கேட்கவில்லை. உலக்கையை ஓங்கி இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. கதவைத் திறந்து ஓடி இரண்டாவது அடிக்கு ஓங்கினேன்.

பின்னாலேயே வந்த மனைவி அலறினாள். "ஐயோ, நம்ம ஓலைக்கார அண்ணாச்சில்லா!"

கீழத்தெரு செல்லையா. பனையேறி. வருஷா வருஷம் எங்கள் பொங்கல் அடுப்புக்கு ஓலை வெட்டித் தருகிறவர். தெருவழியே வந்தால் மறிப்பார்கள் என்று கொல்லைப்பக்கம் வந்திருக்கிறார். வலதுகை தொங்கியது. காலடியில் ஓலைக்கட்டு கிடந்தது.

"போதும் வே. ஓலையை உள்ள எடுத்துப் போடும், பனியில நனையுது," என்றார்.

போலீஸ்காரர் ஓடிவந்தார். நான் உலக்கையைக் கதவுக்குப் பின்னால் தள்ளினேன்.

"யாருலே அடிச்சது?"

"யாரும் அடிக்கல சார். பனையில இருந்து விழுந்துட்டேன்."

உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே இரண்டு தெருவும் வெட்டிக்கொண்டிருக்கும். முப்பது வருஷத்தில் ஒரு மரத்திலும் கால் வழுக்காதவர் அப்படிச் சொன்னார். ஆமாம் என்று நான் தலையாட்டினேன்.

அந்த ஓலையில்தான் எங்கள் பானை பொங்கியது. அந்தப் பருவம் அவர் மரம் ஏறவில்லை. டீக்கடையில் இளவட்டங்கள் இன்றும் கேலி செய்கிறார்கள். "பனையில இருந்து விழுந்தவரு வாராரு வே!"

நானும் அங்கேதான் உட்கார்ந்து டீ குடிக்கிறேன்.