கனகாம்பிகை ரீச்சரின் பிரியாவிடை மடல்

கரவெட்டியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் கனகாம்பிகை ரீச்சர் படிப்பித்தது சித்திரம். ஆனால் செய்ததெல்லாம் எழுத்து வேலை. பரிசளிப்புச் சான்றிதழா, விளையாட்டுப் போட்டிப் பதாகையா, ஓய்வு பெறுகிறவருக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் பிரியாவிடை மடலா, எல்லாம் அவர் தலையில்தான். எழுத்து முத்து முத்தாக இருந்ததே அவர் செய்த குற்றம். கணிதம் படிப்பிக்கும் நானும் சும்மா இருக்கவில்லை; தங்கையின் கலியாண அழைப்பிதழ் உறைகள் முந்நூறையும் அவரிடம் கொண்டுபோய்க் கொட்டியவள்தான்.

போன வருடம் யப்பான் பண்பாட்டுக் கண்காட்சிக்கு ஒரு பலகை எழுதச் சொன்னார்கள். ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஸாகா என்ற பேரரசரைப் பற்றியது. தூரிகை எழுத்தில் அந்தக் காலத்தின் பெரிய மூவரில் ஒருவர்; தோட்டத்தில் பூ விருந்து வைத்துக் கவிஞர்களைக் கூட்டியவர்; தானும் சீன மொழியில் கவிதை எழுதியவர். ரீச்சர் வலித்த மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்து எழுதி முடித்தார்.

“முப்பத்தேழு வயதிலை அந்த மனிசன் அரியணையை விட்டிட்டாராம். பிறகு கிட்டத்தட்ட இருபது வருசம் எழுத்தும் பாட்டுமாய் இருந்திருக்கிறார். எனக்கு அம்பத்தாறு. எனக்கெண்டு ஒரு வரியும் எழுதேல்லை, பிள்ளை.”

அடுத்த கிழமையே ஓய்வுக் கடிதம் கொடுத்தார். அதிபர் சிவசுப்பிரமணியம் அதை வாசித்துவிட்டு, “என்ன வடிவான எழுத்து, ரீச்சர்!” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிரியாவிடைக்கு மூன்று நாள் இருக்க, மடலை யார் எழுதுவது என்று கூட்டத்தில் கேள்வி வந்தது. எல்லாரும் மேசையைப் பார்த்தோம். கடைசியில் மடல் எழுதும் வெற்று அட்டையை அவரிடமே கொண்டுபோகும் வேலை என்னிடம் வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனேன்.

“எனக்கு நானேயோ?” என்றார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. “ஒருக்காலாவது ஆரேனும் எனக்கு எழுதித் தருவினம் எண்டு நினைச்சன்.”

“எங்கடை எழுத்துக் கோணல், ரீச்சர்.”

“ஓம். வைச்சிட்டுப் போங்கோ.”

விழாவன்று காலையில் மடலைக் கொண்டுவந்து தந்தார். வழக்கமான புகழ்ச்சி, வழக்கமான அழகு. பெயர் வரவேண்டிய இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

“அதையாவது நீங்கள் எழுதுங்கோ.”

தூரிகையை வாங்கினேன். முதல் எழுத்துப் பெருத்துவிட்டது. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினேன். பழுதாக்கிவிட்டேன் என்று அழுகை வந்தது.

மேடையில் மடலை வாங்கிய ரீச்சர் மற்ற வரிகளைப் பார்க்கவேயில்லை. தன் பெயரின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார்.