மேலே இழுத்துவிட்ட மேனேஜர்

போன சனிக்கிழமை மாலை, மூக்கண்டப்பள்ளியில் என் பக்கத்து அறை முருகேசனைத் தேடி ஒரு பெரியவர் வந்தார். கையில் ஒரு பை மாம்பழம். முகம் கொள்ளாத சிரிப்பு.

நாகரசம்பட்டியில் தோப்பு வைத்திருப்பவர். முருகேசனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அப்பா. பையன் கம்பெனியில் லேத் ஓட்டுகிறான், இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை... அதனால் ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்று இழுத்துக்கொண்டிருந்தவர்.

“மாப்ள, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. மேனேஜரே உங்கள மேல இழுத்து வுட்டுட்டாராமே?”

முருகேசன் விழித்தான். நானும்தான்.

“இப்பத்தான் கம்பெனி கேட்டுல வெசாரிச்சேன். ஒரு ஆபீசரு, இந்திக்காரரு போல. ‘மேனேஜர் புல்ட் ஹிம் அப்’னாரு. பேங்க் கதவுல ‘புல்’னு போட்டிருக்குது, இழுக்கறோம். அப்புன்னா மேல. இதுக்குப் போய் காலேஜா படிக்கணும்? தேதி குறிச்சிடலாம்.”

எனக்குச் சுரீர் என்றது. தனித்தனியாகப் பார்த்தால் அவர் சொன்ன அர்த்தத்தில் என்ன தப்பு? இரண்டும் சேர்ந்தால்தான் வினை — ‘கண்டித்தார்’ என்று ஆகிவிடுகிறது.

முருகேசன் என்னை வெளியே இழுத்தான்.

“அண்ணே, நேத்து மேனேஜரு என்னைத் திட்டித்தானே அனுப்புனாரு. அப்புறம் மனசு மாறி பர்மனென்ட் பண்ணிட்டாரா?”

“திட்டினதைத்தாம்ப்பா இங்கிலீஷ்ல அப்படிச் சொல்லுவாங்க.”

அவன் முகம் சுருங்கியது. “தேதி குறிக்கலாம்ங்கறாரே... நாம சும்மா இருந்துட்டா?”

நான் யோசிப்பதற்குள் அவனே உள்ளே போய் அவர் எதிரில் உட்கார்ந்தான்.

“மாமா, மேல எல்லாம் தூக்கல. அளவு பாக்காம கடைஞ்சு நாலு இரும்பு ஷாஃப்ட்ட வீணாக்கிட்டேன். அதுக்குத் திட்டினாரு.”

பெரியவர் என்னைப் பார்த்தார். “நெசமாங்களா?”

“ஆமாங்க.”

“திட்டறதுக்கு எதுக்குங்க மேல இழுக்கணும்? கீழன்னாலும் ஒரு நாயம் இருக்குது. அப்ப, கீழ இழுத்தா என்ன அர்த்தம்?”

“‘புல் டவுன்’னா கட்டடத்தை இடிக்கறதுங்க.”

பெரியவர் பழத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று முருகேசன் சாப்பிடவில்லை. சம்பந்தம் போயிற்று என்றே நானும் நினைத்தேன். இங்கிலீஷ் அர்த்தத்துக்கு எத்தனை டிக்‌ஷனரி புரட்டி என்ன... உண்மையைச் சொல்லச் சொல்வதா, வேண்டாம் என்பதா என்று எனக்கே தெரியவில்லையே.

புதன்கிழமை மறுபடி வந்தார். சிரிப்பு இல்லை.

“வூட்ல எல்லாத்தையும் சொன்னேன். ‘திட்டு வாங்குனத அவரே வாய்விட்டுச் சொல்றாருன்னா, நாளைக்கு எங்கிட்டயும் எதையும் மறைக்கமாட்டாரு’ன்னுட்டா பொண்ணு. ஆவணியில வச்சிக்கலாம்.”

முருகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாயில் வந்தது ஒரே வார்த்தைதான். “தேங்க்ஸ் மாமா.”

பெரியவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“இதுக்கு நேரான அர்த்தந்தானுங்களே?”