பத்து டியூலிப் பூக்களும் நான் வென்ற வழக்கும்

வாசகரே, இந்த வழக்குக்கு நீங்களே சாட்சி. விவாதத்தில் வென்றவன் நான். அதை மறுப்பார் எவருமில்லை. தோற்றவை பூக்கள் என்பதுதான் சிக்கல்.

நுரைச்சோலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு, என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு மோதிரம் போட மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்தார்கள். முந்திய நாள் மாலை, கொழும்பில் பூக்கடையில் வேலை செய்யும் ராத்தாவின் தோழி பஸ்ஸில் பத்து டியூலிப் பூக்களை அனுப்பியிருந்தாள். இறுக மூடிய சிவப்பு மொட்டுகள். எங்கள் ஊர் வைபவங்களில் ஒரே பிளாஸ்டிக் ரோசாக்கள்தான் மேசைக்கு மேசை சுற்றி வரும். தன் மேசையில் உயிருள்ள பூ நிற்க வேண்டும்; ராத்தா கேட்டது அது ஒன்றுதான்.

குளிர்ந்த தண்ணீர் இரண்டு அங்குலம், வெயில் படாத மூலை. தோழி சொன்னதாக ராத்தா அவ்வளவே சொன்னாள். பாடசாலை விவாத அணியின் தலைவனான நான் எழுந்து நின்றேன். டியூலிப் மத்திய ஆசியாவின் குளிர் மலைகளில் பிறந்தது, துருக்கிச் சுல்தான்களின் தோட்டங்களில் வளர்ந்தது, ஆகவே சூரியனே அதன் தாய் என்று முழங்கினேன். குளிர் மலை என்று நானே சொன்னேன். அந்தச் சொல் என் காதில் மட்டும் விழவில்லை. வெங்காயத் தோட்டக்காரரான வாப்பா வெயிலின் பக்கம் சாய்ந்தார். உம்மாவும் சாய்ந்தார். கழுத்துவரை தண்ணீரோடு சாடி கிழக்கு யன்னலுக்குப் போயிற்று.

காலை ஒன்பது மணிக்குப் பூக்கள் பீரிசுத் தட்டுபோல விரிந்து கிடந்தன. வெட்டிய பின்னும் டியூலிப் வளருமாம். தண்டுகள் விரலளவு நீண்டு, பத்தும் யன்னல் பக்கம் வளைந்து, விருந்தாளிகளின் கதிரைகளுக்கு முதுகு காட்டின. மணி அடித்த பின்னும் பேச்சை நீட்டுபவன் நான்; எனக்காவது இது முன்பே விளங்கியிருக்க வேண்டும்.

ராத்தா அழவில்லை.

“தம்பி, ஒன்ட பேச்சுக்கு எல்லாரும் தலையாட்டினாங்கதானே. இப்ப பூவுக்கிட்ட பேசி நிமித்து.”

வாழ்வில் முதன்முறையாக, குறுக்கிடாமல் தொலைபேசியில் தோழி சொன்னதைக் கேட்டேன். தண்டின் நுனியைச் சாய்வாக வெட்டினேன். கட்டாகச் சேர்த்து, நிமிர்ந்து நிற்கும்படி பத்திரிகைத் தாளில் இறுகச் சுற்ற வேண்டுமாம். அலுமாரியில் இருந்த ஒரே பத்திரிகை, வெற்றிக் கேடயத்தோடு என் படம் வந்தது. என்னையே சுற்றினேன். குளிர்ப்பெட்டி முழுக்க விருந்துக்கு உம்மா செய்த இனிப்பு வட்டிலப்பம். ஒரு கிண்ணத்தைக்கூட அவர் நகர்த்தச் சம்மதிக்கவில்லை. மிஞ்சியது மீன்பிடிக்கும் சாச்சாவின் ஐஸ் பெட்டி. ஓர் அறக்குளா மீனை ஓரம் தள்ளி, தண்ணீர் வாளியோடு பூக்கட்டை உள்ளே நிறுத்தினோம்.

“மீன நசுக்கிராத,” என்றார் சாச்சா. “அது பேசாமக் கெடக்கு.”

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து விருந்தினர் வந்தபோது பூக்கள் பாதி மூடி, ஏறத்தாழ நேராக, மேசையில் நின்றன. மாப்பிள்ளையின் உம்மா குனிந்து முகர்ந்தார். சற்று நின்றார். மறுபடி முகர்ந்தார்.

“வெளிநாட்டுப் பூ,” என்று தன் தங்கைக்கு விளக்கினார். “வாசம் இப்பிடித்தான் இரிக்கும்.”

ராத்தா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மோதிரம் போடும்போதும் அவள் தோள் குலுங்கியது. வெட்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அவர்கள் போன பின், அதே சபையின் முன் நான் மீண்டும் எழுந்து நின்றேன். வாப்பா நேரம் பார்த்தார். தேவையிருக்கவில்லை; என் பேச்சு அவ்வளவு சுருக்கம்.

“ராத்தா, கலியாணத்துக்கும் பூ வரட்டும். நான் வாயத் தொறக்க மாட்டன். தண்ணி மட்டும் ஊத்துவன். குளிர் தண்ணி, ரெண்டு அங்குலம்.”