கோழி இறகுக்கு வந்த கொடுவா

என் அக்காவின் கணவர் விடுமுறைக்குத் திட்டம் போடுவதைப் பார்த்தால், பக்கத்து நாட்டின் மேல் படையெடுக்கப் போகிறார் என்று தோன்றும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் அவர் குறிவைத்தது பழவேற்காடு.

அவருக்குத் துறைமுகத்தில் வேலை. ஒரு கப்பல் அதிகாரி விட்டுப்போன தூண்டில் கம்பும், கூடவே ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையும் அவர் கைக்கு வந்திருந்தன. பத்திரிகையில் ஏதோ ஒரு தீவு. தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்று, இறகு கட்டிய கொக்கியைச் சாட்டை போல வீசிக்கொண்டிருந்தார்கள். இரை கிடையாது. இறகைக் குஞ்சுமீன் என்று நம்பி மீன் வந்து கவ்வ வேண்டும். "ஏஜென்ட் வேணாம், வழிகாட்டி வேணாம். எல்லாம் நாமே செஞ்சுக்கலாம்" என்றார்.

அந்த 'நாமே'யில் என்னைச் சேர்த்தது அக்கா. "அந்த மனுஷனுக்கு நீச்சல் தெரியாது. நீயும் கூடப் போ." நான் அப்போது ஒரு செய்தித்தாளில் நிருபர். எனக்கும் அவருக்கும் ஆகாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சித்திரை பிறக்கும் முன்பே ஏற்பாடுகள் தொடங்கின. சேவல் இறகு கறிக்கடையிலிருந்து வந்தது. மினுமினுப்புக்கு ஜரிகை வேண்டியிருந்தது. அதை அக்காவின் முகூர்த்தப் புடவை முந்தானையிலிருந்து அவளைக் கேட்காமல் கத்தரித்துக்கொண்டார். அவள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அதையும் அவர் கவனிக்கவில்லை. மொட்டை மாடியில் வீசிப் பழகி, எதிர்வீட்டுக் கொடியிலிருந்து ஒரு பனியனைப் பிடித்தார். ஏரியின் வரைபடம் ஒன்று வாங்கி, கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். "மீன் இங்கேதான் நிக்கும்." வரைபடத்தில் தண்ணீர் நீலமாக இருந்தது. அந்த நீலம் யாருடையது என்று அதில் போட்டிருக்கவில்லை.

பொன்னேரி வரை ரயில், பிறகு பஸ், பிறகு படகு. முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் பள்ளிக்கூட வராந்தாவில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துத் தங்கினோம். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. வலைக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெண்கள் கம்பைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், மறுபடி வலையைப் பார்த்தார்கள்.

படகு தர ஒரே ஒருவர் சம்மதித்தார். என் வயதுதான் இருக்கும். அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். "நாளைக்கி என் பாடு. இன்னிக்கி பொழுது சாயறதுக்குள்ள கரைக்கு வந்துடணும் சார்."

பாடு என்றால் முறை. முகத்துவாரத்தில் வலை கட்டுவதற்கு ஊரின் குடும்பங்கள் சீட்டுப் போட்டு நாள் பிரித்துக்கொள்கின்றன. ஒருவருடைய நாளில் இன்னொருவர் அங்கே மீன் பிடிக்கக் கூடாது. பிடித்தால், பிடித்தவருடைய அடுத்த முறை போய்விடும்; வெளியாள் பிடித்தால், படகு கொடுத்தவருடையது. ஊரெல்லாம் ஒரு சுற்று முடிந்தால்தான் மறுபடி வரும். மற்ற இடங்களில் கிடைப்பது கஞ்சிக்கு. வீட்டை நிறுத்துவது முகத்துவாரத்து இறால். அதை அவர் மனைவி சொல்லாமலே சொன்னாள்: வாசலில் நாளைக்கான வலையை இழை இழையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் அக்கா கணவர் சிவப்பு வட்டத்தைக் காட்டினார்.

"அங்க இன்னிக்கி வேற ஆளு பாடு சார். வலை மட்டுமில்ல, தூண்டி போட்டாலும் தப்பு."

"இது அந்தத் தூண்டில் இல்லப்பா." பத்திரிகைப் படத்தைப் பிரித்துக் காட்டி, சேவல் இறகை நீட்டினார்.

படகுக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். சிரிப்பு வந்துவிட்டது. "இதுல எரையே இல்லியே! கோழி றெக்கைய காட்டுனா கொடுவாவா வரும்? பருந்துதான் வரும்." மனைவியிடம் திரும்பி, "இது மீன் புடிக்கிறதே இல்லடி, காத்த அடிக்கிறது" என்றார். அவள் சிரிக்கவில்லை. "வேணாம்னு சொல்லு" என்றாள். அவர் படகு தள்ளும் கோலை எடுத்துக்கொண்டார்.

முகத்துவாரத்தில் வெயில் முழுக்க என் அக்கா கணவர் காற்றை அடித்தார். ஒரு தடவை கொக்கி என் சட்டைக் காலரில் மாட்டியது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நூலைச் சேதப்படுத்தாமல் எடுக்கச் சொன்னார். எதிரே, அன்றைய பாடு யாருடையதோ அந்தப் பாட்டுக்காரர் வலைக் கழி அருகே நின்று கத்தினார். "இன்னாபா, என் நாள்ல இன்னா பண்றே அங்க?"

"சும்மா வேடிக்கை காட்றேன், போய்யா!" என்றார் படகுக்காரர்.

அப்போதுதான் கொடுவா வந்தது. நூல் விறைத்தது, கம்பு வளைந்தது, வெள்ளிப் பக்கம் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி விழுந்தது. என் அக்கா கணவர் கூவினார். படகுக்காரர் கூவவில்லை. அவர் கோலைப் பிடித்தபடி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பாட்டுக்காரரும் கத்துவதை நிறுத்தியிருந்தார்.

பொழுது சாய்கையில் கோயில் முன் மணலில் ஊர் கூடியது. நடுவில் ஓலைப் பாய் மேல் மீன். பாட்டுக்காரர் தன் வழக்கைச் சொன்னார். படகுக்காரர், "எரை இல்ல நைனா. மீன் தானா வந்து மாட்டிக்கிச்சு" என்றார். அது ஒன்றுதான் அவருக்கு இருந்த வழி. ஊர்ப் பெரியதனக்காரர் இறகைக் கையில் வைத்து யோசித்தார். அவருக்கும் அதை நம்ப மனமிருந்தது என்றே நினைக்கிறேன். நான் பேச வாயெடுத்தேன்.

"நூலு யார் கையில இருந்திச்சோ அவரு சொல்லட்டும்" என்றார் பெரியதனக்காரர். "ஏன் சார், மீனு தானா மாட்டிச்சா, நீங்க புடிச்சீங்களா?"

படகுக்காரர் என் அக்கா கணவரைப் பார்த்தார். நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன்.

"தானா மாட்டுமா?" என்றார் அவர். "இதுக்குன்னு சித்திரைக்கு முன்னாடியிலேர்ந்து பிளான் போட்டேன்." பிறகு எழுந்து நின்று, நீரோட்டம் எப்படி, வெயில் எந்தப் பக்கம், மணிக்கட்டை எங்கே நிறுத்த வேண்டும் என்று வெறுங்கையால் வீசிக் காட்டினார். ஊர் மிகக் கவனமாகக் கேட்டது.

"அப்போ புடிச்சதுதான்" என்றார் பெரியதனக்காரர். மீன் பாட்டுக்காரருக்குப் போயிற்று. படகுக்காரரின் மறுநாள் முறை சீட்டில் அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் மனைவி எழுந்து போய் வாசலில் கிடந்த வலையைச் சுருட்டினாள்.

"என் மீனை எப்படி எடுத்துக்கலாம்?" என்று என் அக்கா கணவர் இரவு முழுக்கக் கேட்டார்.

காலையில் படகுக்காரரே வந்தார். "வாங்க, அக்கரையில விடறேன். இன்னிக்கி எனக்கு வேல இல்ல."

பாதி ஏரி தாண்டியது. பிறகு என் அக்கா கணவர் வரைபடத்தைப் பிரித்து, "அடுத்த தடவை எந்தப் பக்கம் நல்லா கிடைக்கும்ப்பா?" என்றார்.

படகுக்காரர் கோலை ஊன்றிப் படகை நிறுத்தினார். கரை தூரத்தில் ஒரு பழுப்புக் கோடாக இருந்தது.

"இங்க இடுப்பளவுதான் தண்ணி. எறங்குங்க."

"என்ன?"

"படத்துல நிக்கிறாங்கல்ல, அந்த மாதிரிதான். நடந்து போங்க சார்." என்னையும் பார்த்தார். "நீங்களும்தான்."

இறங்கினோம். சேறு காலை இழுத்தது, சேற்றுக்குள் சிப்பி ஓடு கிழித்தது. எனக்கு முன்னால் அவர் ஒரு கையில் கம்பையும் மறு கையில் வரைபடத்தையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, தன் சட்டையைப் பிடித்துக்கொள்ளும்படி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். நான் பிடிக்கவில்லை. பின்னால் கோல் தண்ணீரில் விழும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.